பேடா, வீலா? ரேசிங் கேம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரேசிங் கேம் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த அரிப்பு வந்துவிடும். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரிலேயே, அதாவது பேடிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோமே, ஒரு ஸ்டீயரிங் வீல் வாங்கினால் வேகம் கூடிவிடுமா? நான் பேடில் பல வருஷம் ஓட்டிவிட்டு வீலுக்குப் போனவன். இன்றும் இரண்டும் என் மேஜையில்தான் இருக்கின்றன. நேராகச் சொல்லிவிடுகிறேன்: வீல் வந்த முதல் சில வாரம் நீங்கள் முன்பைவிட மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள். பிறகு நேரம் குறைய ஆரம்பித்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வீலைப் பிடித்த கையாக இருக்காது. பிரேக்கை மிதிக்கிற காலாக இருக்கும். இது தெரிந்துவிட்டால் எதற்குச் செலவு செய்வது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் பேடில் ஒரு லேப்பைப் பதிந்து வையுங்கள்

வீல் வாங்குகிற யோசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். சின்ன டிராக் ஒன்று, சக்தி குறைந்த கார் ஒன்று. என் தேர்வு ஜப்பானின் சுகுபா, கார் மஸ்டா ரோட்ஸ்டர். இரண்டும் கிரான் டூரிஸ்மோ 7-ல் இருக்கின்றன. சுகுபாவின் மொத்த நீளமே 2.045 கிலோமீட்டர்தான், அதனால் ஒரு நிமிஷம் சொச்சத்தில் அதே வளைவு திரும்ப வந்து நிற்கும். ஜெர்மனியின் நோர்ட்ஷ்லைஃப் மாதிரி 20.8 கிலோமீட்டர் டிராக்கில் போய்ப் பழகினால், ஒரு வளைவில் செய்த தப்பைத் திருத்திப் பார்க்க அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என்ன தப்பு செய்தோம் என்பதே மறந்துவிடும்.

இருபது லேப் ஓட்டுங்கள். அதில் நல்லதைக் கோஸ்ட்டாக, அதாவது பிறகு கூடவே ஓடவிடக்கூடிய நிழல் காராகச் சேமியுங்கள். அந்த வசதி இல்லாத கேமில் ரீப்ளே போதும். கடைசியில் இது தேவைப்படும்.

ஸ்டிக்குக்கும் காருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்

சாதாரண ரோடு காரின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினால் சுமார் 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. பேடில் அந்த மொத்தத் திருப்பமும் ஸ்டிக் என்கிற சின்னக் குமிழை உங்கள் கட்டைவிரல் நுனி இந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவதற்குள் அடங்கியாக வேண்டும். ஸ்டிக் அசைவதை அப்படியே முன் சக்கரத்துக்கு அனுப்பினால் நேர் ரோட்டிலேயே கார் பாம்பு மாதிரி நெளியும்.

அதனால் கேம் நடுவில் புகுந்துகொள்கிறது. நீங்கள் ஸ்டிக்கைச் சட்டென்று கோடிக்குத் தள்ளினாலும் சக்கரம் மெல்லத்தான் திரும்பும். வேகம் கூடக்கூட, முழு ஸ்டிக்குக்குக் கிடைக்கிற திருப்பமும் குறைந்துகொண்டே வரும். 250 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டிக்கை முழுதாகத் தள்ளியும் கார் சுழலாமல் போகிறதென்றால், அது உங்கள் கைத்திறமை மட்டுமில்லை. சில கேம்களில் பின்பக்கம் வழுக்கும்போது எதிர்த்திருப்பத்துக்குக்கூட (வழுக்குகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காரை நேராக்குவது) உதவி உண்டு. கிரான் டூரிஸ்மோ 7-ல் அது தனி செட்டிங்காகவே இருக்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று சில சிம் (நிஜக் காரைப் போலவே ஓடுகிற சிமுலேட்டர் கேம்) ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு சென்டிமீட்டரில் 900 டிகிரியைச் சொல்ல வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1995-லேயே நாம்கோ நிறுவனம் நெகான் என்று ஒரு கன்ட்ரோலர் விட்டது. நடுவில் இரண்டாகப் பிரிந்து, துணி பிழிவது போல முறுக்கினால் கார் திரும்பும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதன் பின்னால் இருந்த யோசனை சரி.

வீலில் அந்த மொழிபெயர்ப்பாளர் கிடையாது. நீங்கள் 40 டிகிரி திருப்பினால் காருக்குள்ளும் 40 டிகிரிதான். இன்னொரு பெரிய வித்தியாசம், தகவல் திரும்பியும் வருகிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள வீலுக்குள் இருக்கிற மோட்டார், முன் டயர்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு பலமாக நேருக்கு இழுக்கின்றன என்பதை உங்கள் கைக்கு அனுப்பும். டயர் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது அந்த இழுப்பு ஏறி, எல்லையைத் தாண்டப்போகும்போது குறையும். வீல் கையில் திடீரென்று லேசானால் முன்பக்கம் பிடியை விடுகிறது என்று அர்த்தம். பேடில் இதைத் திரையைப் பார்த்தும் டயர் கிறீச்சிடுவதைக் கேட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எந்தக் கேம் ஓட்டுகிறீர்கள்?

ஃபோர்சா ஹொரைசன் 5, நீட் ஃபார் ஸ்பீட், மாரியோ கார்ட் இந்த வகை என்றால் பேடே போதும் என்பதைவிட, பேடுதான் நல்லது. அவை கட்டைவிரலுக்காகவே செய்யப்பட்டவை. ஹொரைசனில் வயலுக்குள் பாய்ந்து மரத்தைச் சுற்றித் திரும்புவதற்கு வீலைச் சுற்றிக்கொண்டிருந்தால் தோள்தான் வலிக்கும்.

ஐரேசிங், அசெட்டோ கோர்சா, அசெட்டோ கோர்சா காம்பெடிசியோன், ராலி சிம்கள் என்றால் வீல். கிரான் டூரிஸ்மோ 7-ம் எஃப்1 கேம்களும் நடுவில் நிற்கின்றன. இரண்டிலும் பேடை வைத்துக்கொண்டு நன்றாகவே போட்டி போடலாம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 தனி ரகம். அதில் வேகமே பிரச்சினை இல்லை. நிதானமாக ஒரு லாரியைத் திருப்புகிற சுகத்துக்காகவே வீல் வாங்கியவர்கள் உண்டு, அவர்கள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

எப்படி உட்கார்ந்து ஆடுகிறீர்கள் என்பதும் கணக்குதான். சோபாவில் சாய்ந்து அரை மணி நேரம் ஆடுகிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் மேஜையை இழுத்து வீலைப் பொருத்துவது பத்தாவது நாள் கசந்துவிடும்.

பேடைச் சரியாக அமைக்கும் முறை

பேடில் வேகம் வரவில்லை என்று வீலுக்குப் போகிறவர்களில் பலர் பேடின் செட்டிங்ஸைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இந்த வரிசையில் செய்யுங்கள்.

ஸ்டீயரிங் டெட் ஜோனை, அதாவது ஸ்டிக் அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதியை, முதலில் 0 ஆக்குங்கள். நேர் ரோட்டில் ஸ்டிக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அழுத்துங்கள். கார் தானாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, நேராகப் போகிற இடத்தில் நிறுத்துங்கள். 10, 15-க்கு மேல் தேவைப்பட்டால் ஸ்டிக்கில் டிரிஃப்ட் (தொடாமலே நகர்ந்ததாகக் காட்டுகிற பழுது) வந்துவிட்டது. அதை செட்டிங்ஸால் மூடி மறைக்கலாம், ஆனால் நுணுக்கமான திருப்பம் அதோடு போய்விடும்.

அடுத்தது லீனியாரிட்டி. சில கேமில் காமா என்று இருக்கும். இது ஸ்டிக்கின் நடுப்பகுதி எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. நீண்ட வளைவுகளில் காரை ஒரே கோட்டில் பிடிக்க முடியாமல் தட்டித் தட்டி ஓட்டுகிறீர்கள் என்றால் நடுப்பகுதியை மென்மையாக்குங்கள். ஜப்பானின் சுசுகா டிராக்கின் முதல் பகுதியில் வருகிற அடுத்தடுத்த எஸ் வளைவுகளில் கார் சோம்பலாகத் திரும்புகிறது என்றால் மென்மை அதிகமாகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு செட்டிங்கை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஃபோர்சா கேம்களில் ஸ்டீயரிங்குக்கு நார்மல் (சிலவற்றில் ஸ்டாண்டர்ட்), சிமுலேஷன் என்ற நிலைகள் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்கி சிமுலேஷனைப் போடாதீர்கள். பேடுக்கு நார்மல்தான்.

ட்ரிகரில் (பேடின் பின்பக்கம் ஆள்காட்டி விரலால் அமுக்குகிற பொத்தான்) பிரேக்கை முழுதாக அமுக்கிப் பழகிய விரலை மாற்றுவதுதான் கஷ்டம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் 2013 முதல் ட்ரிகருக்குள்ளேயே தனி அதிர்வு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ன் டூயல்சென்ஸில் ட்ரிகரே விரலை எதிர்த்து அழுத்தும். இவற்றை அணைத்துவிடாதீர்கள். பேடில் கார் உங்கள் விரலோடு பேசுகிற முக்கியமான இடம் அதுதான். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்ததும் இடது ட்ரிகர் துடிப்பதை உணர்ந்து, அதற்குச் சற்று முன்னாலேயே விரலை நிறுத்தப் பழகுங்கள்.

கியரை மேனுவலுக்கு மாற்றுங்கள். வலது கட்டைவிரல் சும்மாதானே இருக்கிறது.

வீல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லாத, உள்ளே ஸ்பிரிங்கோ ரப்பரோ போட்டு நடுவுக்கு இழுக்கிற, 180 அல்லது 270 டிகிரி மட்டுமே சுற்றுகிற வீலை வாங்காதீர்கள். கார் வழுக்கினாலும் நின்றாலும் அது ஒரே மாதிரிதான் இழுக்கும். பேடில் கிடைத்த உதவிகளும் போய், வீலில் கிடைக்க வேண்டிய தகவலும் வராமல், இரண்டுங்கெட்டானாக நிற்பீர்கள்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல்கள் மூன்று வகை. கியர் வைத்தவை, பெல்ட் வைத்தவை, மோட்டாரின் தண்டிலேயே வீலைப் பூட்டுகிற டைரக்ட் டிரைவ். லாஜிடெக் ஜி29 கியர் வகை, பலம் (வீலைத் திருப்புகிற விசை) சுமார் 2 நியூட்டன் மீட்டர். வேகமாகத் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் கடகடக்கும், ராத்திரி ஆடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். திரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட் வகை, சத்தம் குறைவு, பலம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி, மோசா ஆர்5 போன்ற சின்ன டைரக்ட் டிரைவ்கள் சுமார் 5 நியூட்டன் மீட்டர் தருகின்றன. பலத்தைவிட அவற்றின் வேகம்தான் முக்கியம். பின்பக்கம் வழுக்குகிற சேதி கைக்கு வரும்போது அது பழைய சேதியாக இருக்காது.

நீங்கள் ஆடுகிற கருவியில் வீல் ஓடுமா என்பதைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும்; எக்ஸ்பாக்ஸில் ஓடாது. அதற்கு ஜி920. பழையது வாங்குகிறவர்கள் கவனிக்க: ஜி27 கணினியில் ஓடும், பிளேஸ்டேஷன் 4-லும் 5-லும் ஓடாது. கணினி ஒன்றுதான் எதையும் தள்ளாமல் ஏற்றுக்கொள்ளும்.

பணம் குறைவாக இருந்தால் வீலில் சிக்கனம் பிடியுங்கள், பெடலில் வேண்டாம். சாதாரண பிரேக் பெடல் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அளக்கும். லோட் செல் பெடல் எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்று அளக்கும். காலுக்குத் தூரத்தைவிட பலம்தான் நன்றாக நினைவில் நிற்கும். லேப்புக்கு லேப் அதே இடத்தில் அதே அளவு பிரேக் விழ வேண்டுமென்றால் லோட் செல்தான் வழி. கிளட்ச் பெடல், எச் கியர் லிவர் எல்லாம் பழைய கார்களை ஓட்டுகிற ஆசை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாற்காலி

வீலை மேஜையில் இறுக்கி, பெடலைத் தரையில் வைத்து, இத்தாலியின் மோன்சா டிராக்கில் முதல் ஷிகேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைத்த இட-வல நெளிவு) 300-க்கு மேல் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் நிற்கவில்லை. நான்தான் பின்னால் போனேன். சக்கரம் வைத்த நாற்காலி சுவர் வரைக்கும் உருண்டது. வீலைப் பிடித்திருந்த கை நீண்டு, மேஜை ஒரு பக்கம் தூக்கி, திரையில் கார் நேராக டிராக்குக்கு வெளியே. அன்றைக்குத்தான் புரிந்தது, ஓட்டுவதற்கு முன்னால் உட்கார வேண்டும் என்று.

சக்கரம் இல்லாத நாற்காலி இருந்தால் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் நாற்காலியின் நடுத்தண்டிலிருந்து பெடல் தட்டுக்கு ஒரு நாடாவை இழுத்துக் கட்டுங்கள். நீங்கள் மிதிக்கும்போது நாற்காலி பின்னால் போகப் பார்க்கும், நாடா பெடலை உங்கள் பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பெடல் தட்டின் முன்முனை சுவரைத் தொட்டபடி இருந்தால் இன்னும் நல்லது. பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். வீலின் மேல் விளிம்பு தோளைவிடத் தாழ்ந்து, முழங்கை மடிந்து இருக்கட்டும்.

கட்டைவிரலை வீலின் கம்பிக்குள் கொக்கி மாதிரி மாட்டாதீர்கள். டைரக்ட் டிரைவில் மோதல் நடக்கும்போது வீல் திடீரென்று சுழலும், விரல் நடுவில் இருந்தால் வீங்கிவிடும். சுவரில் மோதப்போகிறோம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

வீல் செட்டிங்ஸ்

மின்சாரம் கொடுத்ததும் வீல் தானாக இரு பக்கமும் சுற்றி நடுவைத் தேடும். அப்போது தொடாதீர்கள்.

வீலின் சாஃப்ட்வேரில் சுழற்சியை 900-க்கு வைத்துவிட்டு, காருக்கேற்ப அதைக் குறைக்கிற வேலையைக் கேமிடம் விடுங்கள். பெரும்பாலான சிம்கள் இதைத் தானாகச் செய்யும். எஃப்1 கேம்களுக்கு மட்டும் 360-க்குக் குறைத்துப் பாருங்கள். அந்தக் கார்களில் டிரைவர் கையை மாற்றிப் பிடிக்காமல் ஓட்டுகிற அளவுக்குத்தான் ஸ்டீயரிங் திரும்பும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை முழுதாக ஏற்றினால் நிஜம் மாதிரி இருக்கும் என்று நினைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. மோட்டாரால் 2 நியூட்டன் மீட்டர்தான் கொடுக்க முடியும், கேம் 5 கேட்கிறது என்றால், 2-க்கு மேல் இருக்கிற எல்லாமே ஒரே கனமாகத் தட்டையாகிவிடும். இதற்குப் பெயர் கிளிப்பிங். வளைவில் வீல் மரக்கட்டை மாதிரி கனத்து நிற்கும், டயர் பிடியை விடும்போது லேசாகிற அந்தச் சின்ன மாற்றம் மட்டும் வரவே வராது. அசெட்டோ கோர்சாவில் பெடல் அளவுகளைக் காட்டுகிற சின்ன ஜன்னலில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை சிவப்பானால் கிளிப் ஆகிறது. நீண்ட வளைவு ஒன்றில் அது எப்போதாவது மட்டும் சிவப்பாகிற அளவுக்கு கெய்னை (ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் மொத்த பலம்) குறையுங்கள். கை லேசாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும்.

பிறகு பார்வைக் கோணம். டிரைவர் இருக்கையிலிருந்து பார்க்கிற காக்பிட் கேமராவில் இது தப்பாக இருந்தால் வேகமும் தூரமும் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும், பிரேக் போடுகிற இடம் தவறும். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் தூரம் என்றால் கிடைமட்டக் கோணம் 53 டிகிரி, செங்குத்துக் கோணம் 31 டிகிரி. 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிடைமட்டம் 41-க்கு இறங்கிவிடும். குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், அதனால் திரையை முடிந்தவரை வீலுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். கேம் கேட்பது கிடைமட்டமா செங்குத்தா என்று பார்த்துப் போடுங்கள். அசெட்டோ கோர்சா கேட்பது செங்குத்து.

கேம் தருகிற ஸ்டீயரிங் உதவி, எதிர்த்திருப்ப உதவி இரண்டையும் வீலில் உடனே அணையுங்கள். நீங்கள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம் இழுக்கும். ஏபிஎஸ், சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கிற டிராக்ஷன் கன்ட்ரோல் இரண்டும் இப்போதைக்கு இருக்கட்டும்.

காலைப் பழக்குதல்

முதல் மூன்று நாள் வேகத்தை மறந்துவிடுங்கள். அதே சுகுபா, அதே ரோட்ஸ்டர். இடது காலால் பிரேக். கிளட்ச் மிதித்தே பழகிய கால் முதலில் பிரேக்கையும் கிளட்ச் மாதிரி ஒரே மிதியாக மிதிக்கும், கார் மூக்கால் தரையை முட்டும். பயப்பட ஒன்றுமில்லை, கேம்தானே.

மிதியில் இரண்டு பாகம் உண்டு. முதலில் நேர் ரோட்டிலேயே சட்டென்று பலமாக. பிறகு வீலைத் திருப்பத் திருப்பக் காலை மெல்ல எடுத்துக்கொண்டே வர வேண்டும். வீல் 10 டிகிரி திரும்பினால் கால் கொஞ்சம் லேசாக, 40 டிகிரி திரும்பினால் இன்னும் லேசாக. கைக்கும் காலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் டிரெயில் பிரேக்கிங் என்பார்கள். பிரேக் இருக்கும்வரை காரின் எடை முன் டயர்மேல் இருக்கிறது, அந்த எடைதான் காரை வளைவுக்குள் திருப்புகிறது. ட்ரிகரிலும் இதைச் செய்யலாம். ஆனால் விரலுக்கு இருக்கிற தூரம் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதில் 60 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஒரே சீராக இறங்குவது ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. பெடலில் அதே இறக்கத்துக்கு ஒரு முழுக்கால் இருக்கிறது.

கைக்கு ஒரே ஒரு பயிற்சி. பின்பக்கம் வழுக்கும்போது வீலைப் பிடித்துத் திருப்பப் பார்க்காதீர்கள். பிடியை லேசாக்குங்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கே வீலை எதிர்ப்பக்கம் சுழற்றும், அது போதுமான இடத்துக்கு வந்ததும் பிடித்துக்கொள்ளுங்கள். பேடிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். கட்டைவிரல் ஒரு நொடிக்குள் கோடிக்குக் கோடி போய்விடும், 900 டிகிரி வீலில் கை அப்படிப் போகாது.

என் முதல் வாரத்தில் லேப் நேரம் பேடைவிட இரண்டு நொடி மோசம். மூன்றாவது வாரம் சமமானது. தினம் இருபது நிமிஷம் ஓட்டினேன், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது தோளும் முன்கையும் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கோஸ்ட்டைத் திறங்கள்

பேடில் பதிந்து வைத்த பழைய லேப்பை முன்னால் ஓடவிட்டு, வீலில் பின்தொடருங்கள். மொத்த நேரத்தைப் பார்க்க வேண்டாம். எந்த இடத்தில் இடைவெளி குறைகிறது, எங்கே கூடுகிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு எஸ் வளைவில் பேட் கோஸ்ட் இன்றைக்கும் கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. இடமும் வலமும் மாறுவதில் கட்டைவிரலை என் கை இன்னும் முந்தவில்லை. இரண்டாவது ஹேர்பினுக்கு (கொண்டை ஊசி வளைவு) வரும்போது கோஸ்ட்டின் பிரேக் விளக்கு எரிகிறது, நான் ஒரு கார் நீளம் கழித்து மிதிக்கிறேன். அதன் பிரேக் விளக்கு அணைந்து மூக்கு வெளியே தள்ளிப்போகிற இடத்தில், என் இடது கால் இன்னும் பெடலை விடவில்லை.